ஊர்ப் பொதுப் பல்

எங்கள் நத்தக்குளத்தில் யாரும் யாருடைய சொம்பிலும் வாய் வைத்துக் குடிக்க மாட்டார்கள். கட்டின பெண்டாட்டி குடித்துவிட்டு வைத்த மிச்சத் தண்ணீரைப் புருஷன் செடிக்கு ஊற்றுவான்; விருந்தாளி வந்துபோனால் டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைப்பார்கள்; எச்சில் என்றால் அவ்வளவு கண்டிப்பு. அப்பேர்ப்பட்ட ஊர்தான் என் பல்செட்டை வாங்கி வாங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டது, அதுவும் கொஞ்சம்கூட முகம் சுளிக்காமல்.

எனக்குப் பல் போனது ஒரே நாளில் இல்லை. செங்கல் பொடியும் உமிக்கரியும் போட்டுத் தேய்த்த காலத்தில் கொஞ்சம் தேய்ந்தது, வெற்றிலை போட்ட காலத்தில் கொஞ்சம் கறுத்தது, பிறகு ஒவ்வொன்றாய் ஆடியது. ஆடினதை நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்து, வலித்தால் கிராம்பை வைத்து அடக்கி, அடங்காவிட்டால் பிடுங்கிப் போட்டு, போட்ட இடத்தில் உப்புத் தண்ணீர் கொப்பளித்து, அதோடு மறந்துவிடுவதுதான் எங்கள் ஊர் வைத்தியம். "வயசானா விழத்தான செய்யும்" என்று ஒவ்வொரு பல்லுக்கும் ஊர் ஆறுதல் சொன்னது. அப்படிச் சொல்லிச் சொல்லியே என் வாயைக் காலி பண்ணிவிட்டது.

புருஷன் செத்த பிறகு நான் பிறந்த ஊருக்கே வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைத்தேன். ஓய்வுபெற்ற பிறகு தம்பி தவசிலிங்கம் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அறையில் இருக்கிறேன், சாப்பாடு தம்பி வீட்டில். அவன் பெண்டாட்டி பொன்னுத்தாய் தங்கமானவள்தான், ஆனால் மிக்சி வாங்கின நாளிலிருந்து அவளுக்கு ஈவிரக்கம் இல்லாமல் போய்விட்டது. சோறு, குழம்பு, பொரியல், ஒரு துண்டு மீன், கடைசியில் அப்பளத்தைக்கூட உள்ளே போட்டு ஒரு சுற்றுச் சுற்றி, சாம்பல் நிறத்தில் ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைப்பாள். திங்கட்கிழமைக்கும் தீபாவளிக்கும் ஒரே நிறம். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குப் பதம் பார்த்துப் பொங்கிப் போட்டவள் நான், எனக்கு வந்த சாப்பாட்டைப் பாருங்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது கொடைச் சாப்பாடு.

எங்கள் வகையறாவுக்கு இருளாயி குலதெய்வம். ஆடிக் கடைசி வெள்ளியில் அவளுக்குக் கொடை. அன்றைக்குக் கிடா வெட்டி, கோயில் வேம்படியில் பந்தி போட்டு, வகையறா மொத்தமும் ஊர் மொத்தமும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, வகையறாவில் பிறந்த பெண்களில் யார் மூத்தவளோ அவள்தான் முதல் வாய் சாப்பிட வேண்டும். தலைக்கறியில் எலும்போடு ஒரு துண்டு அவள் இலையில் விழும். அவள் அதைக் கடித்து, மென்று, விழுங்கி, "பசியாறுங்க" என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் இலையில் கை வைக்கலாம். தாலி இருந்தாலும் போனாலும் பிறப்பு மாறாது என்பதால் இதற்கு மட்டும் விதவை என்ற பேச்சே கிடையாது. எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே மரியாதை அதுதான், பெரியக்கா போன பிறகு அது எனக்கு வந்தது. வந்த நேரத்தில் என் வாயில் பல் இல்லை.

"நீ சும்மா உதட்டுல தொட்டு வைக்கா, வீரம்மா தின்னுக்கிடட்டும்" என்று தம்பி சொன்னான். வீரம்மாள் எனக்கு அடுத்துப் பிறந்தவள், சித்தப்பா மகள், வாய் நிறையப் பல். நான் துண்டை உதட்டில் தொட்டுவிட்டு அவளிடம் கொடுத்தேன். அவள் நறுக் நறுக்கென்று கடித்துத் தின்று, "பசியாறுங்க" என்றாள். சனம் சாப்பிட ஆரம்பித்தது. பொன்னுத்தாய் எனக்குக் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். வருஷா வருஷம் இதுவே நடந்தது, யாருக்கும் ஒரு பருக்கைகூடத் தொண்டையில் சிக்கவில்லை.

ஒரு கொடை முடிந்த மறுநாளே நான் மதுரைக்கு பஸ் ஏறினேன். அங்கே பல் ஆஸ்பத்திரியில் ரோஸ்லின் என்று ஒரு டாக்டர் பெண், சின்ன வயசு, பொறுமைசாலி. குழைத்த மாவைத் தட்டில் வைத்து வாய்க்குள் அழுத்தி அச்செடுத்தாள், அடுத்த முறை மெழுகில் பல் வைத்துக் கடிக்கச் சொன்னாள், சிரிக்கச் சொன்னாள், பேசச் சொன்னாள். நான் போவதும் வருவதுமாக இருந்து கடைசியில் மேல் வரிசையும் கீழ் வரிசையும் கையில் வாங்கினேன். "இது உங்க வாய்க்கு அளவெடுத்துச் செஞ்சதும்மா. வேற யாருக்கும் சேராது. முதல்ல உறுத்தும், புண்ணாகும், அதுக்காகக் கழட்டிப் போட்டுறாதீங்க. வந்தா ராவி விடுறேன். பகல்ல போடணும், ராத்திரி தண்ணியில போட்டு வைக்கணும்" என்றாள். இதில் ஒன்றே ஒன்றுதான் பொய்யாய்ப் போனது. அதற்கு அவள் பொறுப்பில்லை.

பல்லோடு வந்த வாரத்தில் கீழ் ஈறு புண்ணாகி, பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு ஜன்னலில் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுச் சுப்பையா அண்ணன் எட்டிப் பார்த்தார். அவருக்கு என்னைவிட வயசு கூட, சின்ன வயசில் வண்டியிலிருந்து விழுந்து தாடை ஒரு பக்கம் கோணிப் போனவர், வாயில் பேருக்கு ஒரு பல்கூட இல்லை.

"தங்கச்சி, சாயந்திரம் பேத்தியைப் பொண்ணு பாக்க வாராக. நான் வாயைத் தொறந்தா பொக்கையா இருக்கும். ஒரு மணி நேரம் குடேன்."

"ஏண்ணே, இதென்ன செருப்பா, மாத்திப் போடுறதுக்கு? உன் வாய் எங்க, என் வாய் எங்க? சேராதுன்னு டாக்டரே சொல்லியிருக்கு."

"சேரலேன்னா குடுத்துறப் போறேன்."

தம்பியும் வந்து நின்று, "குடுக்கா, ஒரு நல்ல காரியத்துக்குத்தான கேக்காரு" என்றான். என்னிடம் எதையாவது யாராவது கேட்கும்போதெல்லாம் இவன் இப்படித்தான் எங்கிருந்தோ வந்து நிற்பான். சுப்பையா அண்ணன் கிண்ணத்தில் கைவிட்டு எடுத்து, வேட்டியில் துடைத்து, கோணல் வாயில் வைத்து அமுக்கினார். களுக்கென்று உட்கார்ந்தது. ஆட்டமும் இல்லை, உறுத்தலும் இல்லை. அந்த வாயிலேயே முளைத்த மாதிரி இருந்தது. அவர் தெரு முனைவரை போய் ஒரு பொட்டலம் பட்டாணிக் கடலை வாங்கி மென்றுகொண்டே திரும்பி வந்தார். நான் ஆச்சரியப்பட்டேனா என்றால் இல்லை, எரிச்சல்தான் பட்டேன். எனக்குப் புண்ணாகிறது, இவருக்குக் கடலை அரைபடுகிறது.

சம்பந்தம் முடிவானது. அவ்வளவுதான், ஊருக்கு வேறென்ன வேண்டும்? சின்ன வாய், பெரிய வாய், மேடு, பள்ளம், பிறவியிலேயே அண்ணம் பிளந்த வாய் என்று எது கேட்டு வந்தாலும் பல் அந்த வாய்க்குள் களுக்கென்று உட்கார்ந்தது. துபாயில் இருக்கும் மகனுக்குப் போனில் பேசினால் ஒரு சொல்லும் விளங்கவில்லை என்று அழுத கிழவனார் அதைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் மகனைத் திட்டினார், மகன் எல்லாம் விளங்கிப் போனை வைத்துவிட்டான். வருஷக்கணக்கில் கொய்யாப்பழத்தை முகர்ந்து மட்டும் பார்த்தவள் ஒரு கொய்யாவை விதையோடு தின்றாள். ஒரு நாகரிகத்துக்காவது யாராவது ஒருவர், இதெப்படி எல்லாருக்கும் பொருந்துகிறது என்று கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. "நல்ல பல்லு" என்றார்கள், "மதுரைப் பல்லுன்னா சும்மாவா" என்றார்கள், அதோடு அந்த விசாரணை முடிந்தது.

எச்சில் விஷயம் மட்டும் ஊர் மனசை உறுத்தியது. தெருச் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். கல்யாணம் காட்சிக்கு அண்டா, ஜமுக்காளம், கரண்டி, பந்தல் கம்பு எல்லாம் சங்கத்தில்தான் இருக்கும், யார் வீட்டு விசேஷமானாலும் எடுத்துப் போய்க் கழுவித் திருப்பித் தர வேண்டும். அதற்கெல்லாம் பொறுப்பு அழகர்சாமி, என்னை அத்தை என்று கூப்பிடுகிறவன், எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற வியாதி உள்ளவன். அவன்தான் எழுந்து பேசினான்.

"அண்டாவுல எல்லாரும்தான பொங்குதோம்? சொந்த அண்டால்லாம் எச்சப்படும், ஊர்ப்பொது அண்டா எச்சப்படாது. மஞ்சத் தண்ணியில முக்கி எடுத்தா முடிஞ்சு போச்சு. அத்தை பல்லையும் ஊர்ப்பொதுவுல சேத்துட்டம்னா பல்லுக்கு எச்சில் இல்ல."

கூட்டம் அப்பாடா என்று மூச்சு விட்டது. மஞ்சள் தண்ணீர், பிறகு மஞ்சள் துணி, பிறகு சங்கத்துப் பீரோவில் ஜமுக்காளத்துக்கு மேல் தட்டு. பல்லைப் போட்டுக்கொண்டு வெற்றிலை போடக் கூடாது, கறை பிடிக்கும். கல்யாண வீட்டுக்கு முதல் உரிமை, காதுகுத்துக்கு அடுத்தது, துஷ்டி வீட்டுக்குக் கிடையாது, அழுகிறவர்களுக்குப் பல் எதற்கு? இவ்வளவும் என் கண்ணுக்கு முன்னால் பேசி முடித்தார்கள்.

"பல்லு என்னோடது" என்றேன்.

"யாரு இல்லேன்னா? ஒங்க பேருலதான அத்தை எல்லாரும் சொல்லுதோம், சீனியம்மா பல்லுன்னு."

நான் விட்டுவிடவில்லை. தெருத் தெருவாகப் போய்ச் சொன்னேன். ஏ சனங்களே, காலையில் ஒரு பஸ் மதுரைக்குப் போகிறது, ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கும், அந்தப் பெண் கடிக்க மாட்டாள், ஆளுக்கொரு வாய் இருக்கிற மாதிரி ஆளுக்கொரு பல் செய்துகொள்ளலாம். இருக்கிற பல்லையாவது காட்டுங்கள், ஆடுகிற பல்லை நிறுத்த வழி இருக்கிறது, ஈறில் ரத்தம் வந்தால் அது வயசு இல்லை, வியாதி. எதையும் மெல்லாமல் கஞ்சியாய்க் குடித்துக் குடித்துத்தான் நாம் எல்லாரும் குச்சியாய்ப் போகிறோம் என்று, டாக்டர் பெண் என்னிடம் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். எல்லாரும் நன்றாகத் தலையாட்டினார்கள். பஸ் காலியாய்ப் போனது. "அங்க போயி அலையணுமா? அதான் ஒன் பல்லு இருக்குல்லா" என்றார் சுப்பையா அண்ணன். மனுஷர் அதைச் சொன்னபோது அவர் வாயில் இருந்தது என் பல்.

எனக்கு முறை வருவதே அபூர்வமாயிற்று. வந்தாலும் எல்லாரும் சாப்பிட்டு முடித்த நேரமாக இருக்கும். ஒருமுறை ஒரு மத்தியானம் கிடைத்தது. வேர்க்கடலை வறுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாயில் போடுவதற்குள் அழகர்சாமி ஓடிவந்து, "அத்தை, கீழத் தெருவுல மாப்பிள்ளை வீட்டுக்காரக வந்து எறங்கிட்டாக" என்றான். கழற்றிக் கொடுத்தேன். ஏன் கொடுத்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு பெண் கல்யாணத்தைக் கெடுத்தவள் என்ற பெயரை வாங்கிக்கொண்டு அந்த ஊரில் நீங்கள் இருந்து பாருங்கள்.

இப்படியே அடுத்த ஆடி வந்தது. இந்த வருஷம் முதல் வாய் என் வாய்தான் என்று நான் தை மாசத்திலேயே சொல்லி வைத்திருந்தேன், அழகர்சாமியும் ஒத்துக்கொண்டிருந்தான். கொடைக்கு நாலு நாளைக்கு முன்னால் மஞ்சள் துணியைத் தட்டில் வைத்து, மரியாதையாய் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தான். நான் கைகால் கழுவி, கண்ணாடி முன்னால் நின்று, மேல் வரிசையை வைத்து அமுக்கினேன். நிற்கவில்லை. நழுவி நாக்கில் விழுந்தது. கீழ் வரிசை ஓடம் போல ஆடியது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. தம்பி, பொன்னுத்தாய், அழகர்சாமி மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அழகர்சாமி என் கையிலிருந்து வாங்கி, நம்பாமல், வாசலில் போன ஒரு கிழவனாரைக் கூப்பிட்டு அவர் வாயில் வைத்துப் பார்த்தான். களுக்.

மறுநாள் பஸ் பிடித்தேன். பல் சங்கத்துச் சாமான் என்பதால் அழகர்சாமியும் மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு கூடவே வந்தான். ரோஸ்லின் என் வாய்க்குள் விரலை விட்டு ஈறைத் தடவிப் பார்த்தாள். முகம் மாறியது.

"ஏம்மா, நீங்க இதைப் போடவே இல்லையா?"

"போட விட்டாத்தானம்மா."

"வாய் அப்படியே இருக்காதும்மா. பல்லு போன எலும்பு தேஞ்சுக்கிட்டே வரும், அடிக்கடி வந்து காட்டியிருந்தா அப்பப்ப சரி பண்ணியிருப்பேன். ஒங்களுக்குக் கொஞ்சம் வேகமாவே தேஞ்சிருக்கு. பரவாயில்ல. இங்க விட்டுட்டுப் போங்க, உள்பக்கம் பூசி உங்க ஈறுக்குச் சேருற மாதிரி பண்ணித் தாரேன். அடுத்த வாரம் வாங்க."

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அழகர்சாமி திறந்தான். "இங்க விட முடியாதும்மா. ஞாயித்துக்கெழம ஒரு நிச்சயதார்த்தம் இருக்கு. அப்பறம் உள்பக்கம் பூசுனா மத்தவகளுக்குச் சேராமப் போயிருமோ என்னமோ."

"மத்தவங்கன்னா?"

"ஊரு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் பொருந்துகிற பல், அச்சுக் கொடுத்தவளுக்கு மட்டும் பொருந்தவில்லை என்பதை எந்த வாயால் சொல்வது? வெள்ளிக்கிழமை கொடை என்று மட்டும் சொன்னேன். "அப்ப வேற செஞ்சுக்கலாம்மா, ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகாது" என்றாள். திரும்பும் வழியெல்லாம் அழகர்சாமி, "மனசுல வச்சுக்கிடாதிய அத்தை" என்று சொல்லிக்கொண்டே வந்தான். திருமங்கலம் தாண்டுகிறவரை சொன்னான். அவன் வாயில் கடவுள் கொடுத்த பல் அத்தனையும் வெள்ளை வெளேரென்று இருந்தது. அறைந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது, நிஜமாகவே தோன்றியது.

வெள்ளிக்கிழமை பந்தி. வேம்படியில் வரிசை வரிசையாக இலை, இலையில் சோறு, குழம்பு வாசனை கோயிலைத் தாண்டி ரோட்டுவரை போயிற்று. தம்பி என் காதருகே குனிந்தான்.

"அக்கா, ஒனக்குத்தான் சேரலையே. வழக்கம்போல ஒதட்டுல தொட்டுட்டு வீரம்மாட்ட குடுத்துரு. சனம் பசியோட இருக்கு."

"மூத்தவ யாரு?"

"நீதான்."

"அப்ப துண்டைப் போடு."

போட்டான். கொழுப்பும் சவ்வும் எலும்புமாய் நல்ல துண்டு. அழகர்சாமி மஞ்சள் துணியோடு ஓடிவந்தான், எதற்கும் ஒருமுறை வைத்துப் பாருங்கள் என்று. வேண்டாம் என்று கையைக் காட்டினேன். வெறும் வாயோடு துண்டை எடுத்து உள்ளே வைத்தேன்.

பல் இல்லாத ஈறு நீங்கள் நினைக்கிற மாதிரி ஒன்றும் மெத்தை இல்லை, வருஷக்கணக்கில் காய்ந்து காய்த்துப்போன இடம் அது. துண்டை இடப்பக்கம் ஒதுக்கி அமுக்கினேன், வலப்பக்கம் தள்ளி அமுக்கினேன், நாக்கால் திருப்பிப் போட்டேன், எலும்பைச் சப்பினேன். உப்பும் மிளகும் கொழுப்பும் தனித்தனியாய்த் தெரிந்தன. மிக்சியில் அரைபட்டு எத்தனை காலமாய் இந்த ருசியெல்லாம் ஒன்றாய்க் கிடந்தது! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வலியிலும் வந்தது, கோபத்திலும் வந்தது, நன்றாயிருந்ததாலும் வந்தது. எனக்கு அவசரமே இல்லை. சவ்வு அசைந்துகொடுக்கவில்லை, நானும் விடவில்லை.

சோற்றில் ஆவி அடங்கியது. குழம்பில் ஆடை கட்டியது. பிள்ளைகள் அழுதன, அதுகளுக்கு மட்டும் போடச் சொல்லிக் கையைக் காட்டினேன், போட்டார்கள். வேப்பமர நிழல் முதல் பந்தியை விட்டு நகர்ந்து போய், சங்கத்துக்காரர்கள் அத்தனை பேர் மண்டையிலும் வெயில் விழுந்தது. ஒருவரும் இலையில் கை வைக்கவில்லை. வைக்க முடியாது, இருளாயிக்கு முன்னால் அந்தத் தைரியம் யாருக்கும் கிடையாது. வாய் நிறையப் பல்லோடு வீரம்மாள் எச்சில் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முழுங்குக்கா" என்றான் தம்பி.

நான் மென்றேன்.

"அக்கா, ஒன்னக் கையெடுத்துக் கும்பிடுதேன்."

நான் மென்றேன். ஊர் முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனையோ பேர் வாயில் என் பல்லைப் பார்த்தவர்கள், என் வாயை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

எதிர் இலையில் சுப்பையா அண்ணன், நிச்சயதார்த்தத்துக்கு எடுத்து வைக்கப்பட்ட பல் தன்னிடம் இல்லாததால், பொக்கை வாயோடு உட்கார்ந்து, தன் இலையில் இருந்த எலும்பையும் என் தாடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொஞ்சம் முன்னால் சாய்ந்து, பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடாமல், "தங்கச்சி, அந்த டாக்டரம்மா என்னென்ன கெழமையில இருக்கும்?" என்று கேட்டார்.

என் வாயில் கறி இருந்தது. அவர் காத்திருக்கட்டும் என்று மென்றுகொண்டிருந்தேன்.